நாலு ஐம்பதுக்குப் பிறந்த சான்றிதழ்

அலுவலகத்துக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் கிரிதரன் நேராகக் காலண்டரிடம் போவார். நேற்றைய தாளைக் கிழிப்பார். அதைக் கசக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் தாள்களைக் கட்டாகத் தூக்கி, ஒரு வாரம் தள்ளி ஒரு தாள், ஒரு மாதம் தள்ளி ஒரு தாள் என்று எட்டிப் பார்ப்பார். அங்கங்கே சிவப்புப் பேனாவில் அவர் கையெழுத்து இருக்கும். ‘மேலூர் கிளை, 11 மணி’, ‘ஸ்கேன் ரூம் கம்ப்யூட்டர்’, ‘திருமங்கலம், மறக்காதே’. மறக்காதே என்பதற்கு அடியில் இரண்டு கோடு. எல்லாம் பார்த்து முடித்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “இன்னைக்கு ஒருத்தனும் சாகல” என்பார். அதற்குப் பிறகுதான் டீ.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள். ரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற லேபில் தினமும் காலையில் ஒரு மனிதர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? ஆனால் அவர் சொல்வது மனிதர்களை அல்ல. ஒத்தக்கடையில் தலைமை அலுவலகமும் மதுரையைச் சுற்றிப் பதினொரு கிளைகளும் உள்ள அந்த லேபில் நூற்று நாற்பது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மற்றதிடம் ‘நான் இன்னார்தான்’ என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதைக் காட்டினால்தான் கிளையில் எடுத்த ரத்தத்தின் முடிவு, முத்திரையோடு ரிப்போர்ட்டாக வெளியே வரும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் கடைசி நாள் உண்டு, கடைசி நிமிடமும் உண்டு. அது தாண்டினால் சான்றிதழ் செத்தது. ரிப்போர்ட்டும் நின்றது. இந்தச் சாவு தேதிகளைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் கிரிதரனுக்குச் சம்பளம் கொடுத்து ஒப்படைத்திருக்கிற வேலை.

நாற்பத்தொன்பது வயது. பழங்காநத்தத்தில் வீடு. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். லேபில் அந்த மொழி தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் சர்வரைத் திட்டுவதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறார். என்ன திட்டுகிறார் என்று யாருக்கும் தெரியாது. தொனியை வைத்துப் பார்த்தால் தெரியாமலிருப்பதே நல்லது. பங்குனி வெயிலில் ரோட்டில் தார் இளகும்போது, அவர் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு சர்வர் அறையிலிருந்து வெளியே வருவார். உள்ளே ஏசி பதினெட்டில் ஓடுகிறது. அதைக் கூட்டிவைக்க மாட்டார். “அதுக்குச் சூடு ஆகாது. எனக்குக் குளிரு ஆகாது. நாந்தான அனுசரிச்சுப் போகணும்?” என்பார்.

கடைசித் தாளான டிசம்பர் முப்பத்தொன்றை மட்டும் அவர் கிழித்துப் போடுவதில்லை. அடுத்த வருடத்துக்குள் போக வேண்டிய தேதிகளையெல்லாம் அதன் பின்பக்கத்தில் எழுதிவைத்து, புதுக் காலண்டர் வந்ததும் ஒவ்வொன்றாக அதில் ஏற்றுவார். இதற்கெல்லாம் கம்ப்யூட்டரிலேயே வசதி உண்டு. தானாக நினைவூட்டல் அனுப்பும். யாராவது அதைச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கோபத்துக்குக் காரணம் நாகமலை புதுக்கோட்டைக் கிளை. போன ஐப்பசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அங்கே சான்றிதழ் செத்துப்போனது. கிரிதரனுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஏற்பாடு செய்துவைத்த நினைவூட்டல், மூன்று மாதமாகத் தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தது. போனது அந்த முன்னவரின் பெயருக்கு. அவர் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய் மூன்று வருடமாகிவிட்டது. கவுண்டரில் அறுபது பேர். மறுநாள் மனைவிக்கு ஆபரேஷன் என்று நின்ற ஒருவர் மேசையை ஓங்கி அடித்ததில் மேசைக் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பாண்டீஸ்வரி போனில், “அண்ணே, சனம் என்னைய அடிக்க வருதுண்ணே” என்று அழுதாள். கிரிதரன் ஸ்கூட்டரில் போய்ச் சேர ஒரு மணி நேரமானது. தப்பு அவருடையதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு அவசரத்துக்குப் பழைய சர்வரிலேயே ஐந்து மாதம் ஆயுளை இழுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலண்டர் வாங்கி மாட்டினார்.

அந்த ஐந்து மாதமும் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணியோடு முடியவிருந்தது. அதற்குள் புதுச் சர்வர் சான்றிதழ் கொடுக்கத் தயாராக வேண்டும். வியாழக்கிழமை பெட்டி வந்தது, மத்தியானத்துக்குள் இன்ஸ்டால் செய்தும் முடித்தார். எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். அங்கேதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இன்ஸ்டால் பண்றது எவனும் பண்ணுவான். வீடு கட்டுறது கொத்தனார் வேலை. அதுல குடி வைக்கிறது இருக்கு பாத்தீங்களா, அதுலதான் உசுரு போகும்” என்பார். அது உண்மைதான். கிளைகளின் சான்றிதழ்களுக்கெல்லாம் தாயான மூலச் சான்றிதழுக்கு என்ன பெயர், எத்தனை வருடம் ஆயுள், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, கொடுத்ததை ரத்து செய்தால் அந்தச் செய்தியை எங்கே எழுதி ஒட்டுவது என்று புதுச் சர்வர் வரிசையாகக் கேட்கும். மூலச் சான்றிதழ் ஒருமுறை பிறந்துவிட்டால் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. தப்பு என்றால் முதலிலிருந்துதான்.

இதற்கு நடுவில் மேனேஜர் நல்லகாமன். மூலச் சான்றிதழைத் தொடுகிற எந்த வேலைக்கும் ஒரு ரகசியச் சொல் வேண்டும். அதில் முதல் பாதி கிரிதரனிடம், இரண்டாம் பாதி நல்லகாமனிடம் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவுசெய்திருந்தது. ஒற்றை ஆளிடம் சாவி இருக்கக்கூடாது என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நல்லகாமன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், பேனாவுக்கு மை மாற்றுவதற்குக்கூட நேரம் பார்க்கிறவர். அவரும் அதே காலண்டரைத்தான் தினமும் பார்க்கிறார். கிரிதரன் தேதியை மட்டும் பார்ப்பார், அவர் நேரத்தை மட்டும் பார்ப்பார். ஐந்து மாதமாக ஒரே தாளை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு, ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்காமலே காலம் ஓடியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியது. எல்லாம் அடங்கிக் கிரிதரன் தயாரானபோது மணி பத்து முப்பத்தைந்து.

“ராகு காலம் பொறந்து அஞ்சு நிமிசமாச்சுய்யா” என்றார் நல்லகாமன்.

“சார், இது மெஷினு சார்.”

“மெஷினுக்குத்தான ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறோம்?”

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்தது. அதற்குப் பிறகு சாப்பாடு. சாப்பாடு முடிந்து நல்லகாமன் வந்தபோது மணி மூன்று, எமகண்டம் தொடங்கிவிட்டது. சும்மா இருந்த நேரத்தில் ரகசியச் சொல்லையாவது அடித்துப் பழகட்டும் என்று கிரிதரன் அவரைக் கீபோர்டின் முன்னால் உட்காரவைத்தார். நல்லகாமன் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லி அடித்தார்.

“சார், ரகசியம்னா மனசுக்குள்ள சொல்லணும் சார்!”

“மனசுக்குள்ள சொன்னா எனக்கே கேக்க மாட்டேங்குதுய்யா.”

மூன்று முறை ரகசியச் சொல்லை மாற்ற வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை அறையிலிருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கிரிதரனும் வெளியே நின்று காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் மாலை நல்ல நேரத்தில், சரியாக நாலு ஐம்பதுக்கு இரண்டு பேரும் தத்தம் பாதியை அடிக்க, மூலச் சான்றிதழ் பிறந்தது. நல்லகாமன் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சர்வரின் காற்றுத் துவாரத்தின் மேல் வைத்தார். அவர் நகர்ந்ததும் கிரிதரன் அதை எடுத்து பீரோ மேல் வைத்தார்.

சனிக்கிழமை காலை விஷயம் வெடித்தது. அந்த மூலச் சான்றிதழைக் கொண்டு கிளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் வழியைத் திறக்க வேண்டும். அதற்கும் இரண்டு பாதியும் வேண்டும். கிரிதரன் குல்லாயோடு காத்திருக்க, நல்லகாமன் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். எதையும் பிரிண்ட் எடுத்து மூலையில் மஞ்சள் தடவி ஃபைலில் வைப்பது அவர் வழக்கம். மூலச் சான்றிதழையும் அப்படி எடுத்திருந்தார்.

“கிரி, இது என்னய்யா பதினொண்ணு இருவதுன்னு போட்டிருக்கு? நாலு அம்பதுக்குத்தான அமுக்குனோம்?”

“அது லண்டன் பக்கம் கிரீன்விச் நேரம் சார். உலகம் பூராவும் சர்டிபிகேட்டுல அதத்தான் எழுதும். நம்ம நேரத்துல அஞ்சரை மணி கழிச்சா அது வரும்.”

“வெள்ளிக்கெழமை பதினொண்ணு இருவது என்ன நேரம்?”

கிரிதரனுக்குப் புரியவில்லை. நல்லகாமன் அவருடைய சட்டைப் பையிலிருந்தே நேற்றைய தாளை உருவி நீட்டினார். ராகு காலம், பத்தரை முதல் பன்னிரண்டு.

“லண்டன்ல யாரு சார் ராகு காலம் பாக்குறா?”

“சர்வரு லண்டன்லயா இருக்கு? ஒத்தக்கடையில இருக்கு. பொறந்த நேரம்னு அதுல எழுதியிருக்கிறது ராகு காலம். அழிக்க முடியுமா?”

“முடியாது சார்.”

“எம்புட்டு வருசத்துக்கு அப்படியே இருக்கும்?”

“பத்து வருசம்.”

“அப்பப் புதுசாப் போடு. இதுக்கு என் பாதிய நான் அடிக்க மாட்டேன்.”

மனிதனுக்கு ஒரு தலைவலி வரலாம். தலையே வலியாக வந்து எதிரே நின்றால் என்ன செய்வது? திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்னும் இரண்டு நாள்கூட முழுதாக இல்லை. கம்ப்யூட்டர் கடிகாரத்தை மாற்றிவைத்துப் போட்டுவிடலாமே என்று நல்லகாமனே ஒரு யோசனையும் சொன்னார். கிரிதரன் கத்திவிட்டார். “பொய் நேரத்துல பொறந்ததை ஒரு மெஷினும் நம்பாது சார்! இது என்ன ஜாதகமா, ஆள் பாத்துத் திருத்தி எழுத?” கத்திவிட்டுச் சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து சௌராஷ்டிரம் கேட்டது. அன்றைக்குத் திட்டு வாங்கியது சர்வர் மட்டும் என்று தோன்றவில்லை.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. நல்லகாமன் வாசலிலேயே நின்றார்.

“கிரி, பழைய சர்வரை வச்ச அன்னைக்கு நான் லீவு. எந்த நேரத்துல வச்சானுகளோ தெரியல. அந்தப் புள்ள பாண்டீஸ்வரி நாகமலையில அழுதுக்கிட்டு நின்னப்ப நீ ஸ்கூட்டர்ல வந்துக்கிட்டு இருந்த. நான் கார்ல உனக்கு முன்னாடியே போயிட்டேன். போயி என்ன பண்றதுன்னு தெரியாம அந்தப் புள்ள பக்கத்துல சும்மா நின்னேன். உனக்காச்சும் எதையாவது தட்டிப் பாக்கத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்யா.”

கிரிதரன் குல்லாயைக் கழற்றினார். அவர் இதுவரை நல்லகாமனைத் தன் வேலைக்குக் குறுக்கே வந்த கல் என்றுதான் நினைத்திருந்தார். இந்த மனுஷனும் அதே அறுபது பேருக்குப் பயந்துதான் காலண்டரைப் பார்க்கிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்தாலும் எரிச்சல் குறையவில்லை. பயத்தில் பங்காளியாக இருந்தால் மட்டும் வேலை நடந்துவிடுமா?

சட்டைப் பையிலிருந்த தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட ஆரம்பித்தார். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. எமகண்டம் ஒன்றரையிலிருந்து மூன்று. நல்ல நேரம் மாலை நாலே முக்கால். அதில் அஞ்சரை மணி கழித்தால் பதினொன்றே கால். இங்கேயும் கெடுதல் இல்லை, அங்கேயும் கெடுதல் இல்லை. “நாப்பத்தொம்போது வயசுல என்னைய ரெண்டு ஊருக்கு ஜோசியம் பாக்க வச்சுட்டீங்களே சார்” என்று தாளை நீட்டினார். நல்லகாமன் விரல் வைத்து வரி வரியாகச் சரிபார்த்தார்.

அன்று மாலை மறுபடியும் நாலு ஐம்பது. பழையதை அழித்து, எல்லாக் கேள்விக்கும் முதலிலிருந்து பதில் சொன்னார். ஆயுள் என்ற கட்டத்தில் பத்து என்று தானாகவே வந்து நின்றது. நேற்று அதை அப்படியே விட்டு அடுத்ததற்குப் போனவர், இன்று நின்றார். விரல் விட்டு எண்ணினார். பத்தை அழித்து எட்டு என்று போட்டார்.

“எட்டு சனி நம்பருய்யா” என்று பதறினார் நல்லகாமன். “அதுவும் சனிக்கெழமை!”

“எட்டுதான் சார்.”

அந்தக் குரலை நல்லகாமன் அதுவரை கேட்டதில்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துத் தன் பாதியை அடித்தார். இந்த முறை முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு கிளைகளை ஒத்தக்கடையில் உட்கார்ந்தபடியும், நாலு கிளைகளை ஸ்கூட்டரில் போயும் முடித்தார். நாகமலைக்கு ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை எட்டரைக்கு அங்கே இருந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள், பாதிப் பேர் வெறும் வயிற்றோடு. பாண்டீஸ்வரி கவுண்டரில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணே, மெஷினைப் போட்டதுலருந்து என்னமோ அப்டேட்டுன்னு சுத்திக்கிட்டே இருக்குண்ணே.”

திரையில் இருபத்து மூன்று சதவீதம், அணைக்காதீர்கள் என்று இருந்தது. கிரிதரன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு நாற்பத்தொன்று. ஒன்பதே காலுக்கும் நாற்பத்தொன்று. அவர் வாய் முணுமுணுக்கத் தொடங்கியது. பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர், “தம்பி, மந்திரம் சொல்றியா?” என்று கேட்டார். பாண்டீஸ்வரி சனிக்கிழமை ரத்தம் கொடுத்து முடிவுக்காக வந்தவர்களின் சீட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டே போனாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. கீறல் விழுந்த கண்ணாடியை இன்னும் மாற்றியிருக்கவில்லை. அவள் அதன் மேல் ஒரு ரிஜிஸ்டரை வைத்து மறைத்திருந்தாள்.

ஒன்பது ஐம்பத்தொன்றுக்குக் கம்ப்யூட்டர் கண் திறந்தது. கிரிதரன் பாய்ந்தார். புது மூலச் சான்றிதழை ஏற்றியதும், இதை நம்பலாமா என்று அது கேட்டது. “நம்பித் தொலை” என்று தட்டினார். கிளைக்கான சான்றிதழ் ஒத்தக்கடையிலிருந்து வர வேண்டும். வட்டம் சுற்றியது. பத்து மணிக்குப் பழைய முத்திரை சிவப்பாகி அடங்கியது. பெஞ்சில் இரண்டு பேர் எழுந்து கவுண்டரை நோக்கி வந்தார்கள். பாண்டீஸ்வரி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

பத்து மணி மூன்று நிமிடத்துக்குப் பிரிண்டர் கரகரத்தது. முதல் ரிப்போர்ட் கீழ்மூலையில் முத்திரையோடு வந்தது. பாண்டீஸ்வரி அதை எடுத்து, முத்திரை மேல் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பேரைக் கூப்பிட்டாள். வந்தவர் வாங்கிக்கொண்டு, இவ்வளவு நேரமா என்று சலித்தபடி போனார். அவருக்கு என்ன தெரியும்?

கூட்டம் குறைந்ததும் அவள் கேட்டாள். “அடுத்து எப்பண்ணே இந்தக் கூத்து?”

“மூலத்துக்கு எட்டு வருசம்மா.”

“சனிக்கெழமை காலையில நல்லகாமன் சார் போன்ல பத்துன்னாரே?”

“பத்துன்னுதான் வரும். இன்னும் ஒம்போது வருசத்துல நான் ரிட்டயரு. பத்துன்னு விட்டா நான் வீட்டுல காலை நீட்டி ஒக்காந்திருக்கப்ப அது சாகும். நெனப்புக் காயிதம் என் பேருக்கு வந்துக்கிட்டு இருக்கும். அன்னைக்கு இந்தக் கவுண்டர்ல எந்தப் புள்ள நிக்குமோ?” என்றார். எரிச்சலாகத்தான் சொன்னார். “நான் இருக்கப்பவே செத்துத் தொலையட்டும். நானே பாத்துக்குவேன்.”

கவுண்டருக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்கியது. கிரிதரன் அதன் தாள்களை மொத்தமாகத் தூக்கி, டிசம்பர் முப்பத்தொன்றின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எட்டு வருடம் தள்ளி ஒரு தேதியை எழுதினார். பக்கத்திலேயே மணியும் எழுதினார். மறக்காதே என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பேனாவைச் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினார். ஸ்கூட்டரைக் கிளப்பியவர் அதை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டோடு திரும்பி உள்ளே வந்தார். தாள்களைத் தூக்கி எழுதியது இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.